முப்பது பாகம் என்று நீ சொன்னாய்

தம்பி,

நலமா என்று கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. அதை நேற்றுச் சாயங்காலம் போனிலேயே கேட்டாயிற்று, நீயும் நல்லாயிருக்கேன் என்று சொல்லியாயிற்று. போனில் பேச முடியாத ஒன்று இருக்கிறது. போனில் நான் கோபப்பட்டால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நான் சத்தம் போடுவேன், அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துவிடுவாள். காகிதத்தில் அந்த வசதி உனக்கு இல்லை. கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். பக்கத்துக்கு எட்டு வரிதான் பிடிக்கிறது. கறுப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கிவரச் சொல்லி, காலையில் வெயில் வாசலில் விழுகிற நேரத்தில் மட்டும் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று மூன்றாவது நாள். அம்மாவிடம் சொல்லி எழுதச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் சொல்வதைத்தான் அவள் எழுதுகிறாளா என்று யார் பார்த்துச் சொல்வது? இப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை நான். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கிறவனிடம் "இது எந்த பஸ்ஸுப்பா" என்று கேட்டு, அவன் சொன்னதை நம்பி ஏறிப் போய்க்கொண்டிருந்தவன். இந்தச் சந்தேக புத்தி எனக்குப் புதிது. வந்து பத்து நாள்தான் ஆகிறது.

பத்து நாளுக்கு முன்னால் அம்மா மூட்டை கட்ட ஆரம்பித்தாள். நீ ஓசூரில் எங்களுக்கென்று ஒரு அறை ஒதுக்கி, கட்டில் வாங்கிப் போட்டு, இந்த மாசக் கடைசி ஞாயிறு வேன் கொண்டு வருகிறேன் என்று சொன்னதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் இல்லை. அந்த வீட்டுப் பால்கனியில் துணி காயப்போடக் கயிறு இருக்காது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டு, பரணிலிருந்து என் தூண்டில் நூல் கட்டையை எடுத்தாள். அணையில் நாம் கடைசியாகப் பிடித்த அதே நூல். போன மாசியில் சுற்றி வைத்தது, அதற்கப்புறம் நான் தொடவில்லை. "ஒங்குளுக்கு இனிமே இன்னாத்துக்குங்க இது" என்று கேட்டாள். எடுத்துக்கொள் என்றேன். அவள் வாசலில் ஒரு தூணில் முனையைக் கட்டிக்கொண்டு, தெருவில் நடந்தபடியே நூலைப் பிரித்துக்கொண்டு போனாள். பாதி தூரம் போனதும் நின்றாள்.

"இன்னாங்க இது, இதுக்கு மேல நூலு புதுசாவே கீது" என்றாள்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். எனக்கு நிறம்தான் தெரியாது, வெளிச்சமும் இருட்டும் தெரியும். தூணிலிருந்து ஓரிடம்வரை நூல் பழுப்பேறிக் கிடந்தது. நம் அணைத் தண்ணீரில் நாலு மாதம் ஊறினால் எந்த வெள்ளை நூலும் அப்படித்தான் ஆகும், பாசியும் செம்மண்ணும் சேர்ந்து ஏறிவிடும், சோப்புப் போட்டாலும் போகாது. அந்த இடத்துக்கு அப்புறம் பளிச்சென்று வெள்ளை. கடையில் வாங்கி வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி. பழுப்பு முடிந்து வெள்ளை ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கம்பளித் துணுக்கு கட்டியிருந்தது. "இது இன்னா நெறம்?" என்று கேட்டேன். "மஞ்ச" என்றாள். "செவப்பு எங்க கீது?" என்றேன். அவள் இன்னும் கட்டையிலிருந்து பிரித்துக்கொண்டே போனாள். வெள்ளை நூலின் நடுவில், தண்ணீரைப் பார்க்காத கம்பளியாக, சிவப்பு இருந்தது.

உனக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் முழுவதையும் எழுதுகிறேன். நான் எதை நம்பினேன் என்று நீ ஒருமுறை என் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

நம் அணையில் மற்றவர்கள் எல்லாரும் வலை போடுகிறவர்கள். பரிசலுக்குப் பின்னால் நூலை இழுத்துக்கொண்டு போய் வாளை மீன் பிடிக்கிறவன் நான் ஒருவன்தான். எவர்சில்வர் கரண்டியை வெட்டித் தட்டிய தகடு, அதன் அடியில் கொக்கி. பரிசல் மெல்லப் போகப் போக அந்தத் தகடு தண்ணீருக்குள் மீன் குஞ்சு மாதிரி பக்கத்துக்குப் பக்கம் புரண்டுகொண்டு வரும். எவ்வளவு நூல் வெளியே போயிருக்கிறதோ அதற்குத் தக்க ஆழத்தில் தகடு ஓடும். வேலையே அதுதான், வேறு வித்தை ஒன்றும் இல்லை. அணை கட்டுவதற்கு முன்னால் இருந்த வண்டிப்பாதை இன்னமும் அடியில் கிடக்கிறது, அதன் இரண்டு பக்கமும் வெட்டிப் போட்ட புளியமரத்து அடிக்கட்டைகள். வாளை அந்தப் பாதையில்தான் படுத்திருக்கும். இருபது பாகம் விட்டால் தகடு அதன் தலைக்கு மேல் எங்கேயோ போகும், அது திரும்பிக்கூடப் பார்க்காது. முப்பத்தைந்து விட்டால் கட்டையில் மாட்டித் தகடு போய்விடும். முப்பது பாகம் சரியாக இருக்க வேண்டும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அப்படி முப்பது.

நூல் ஓடும்போது கையை விரித்து அளந்துகொண்டிருக்க முடியாது. அதனால்தான் கம்பளி அடையாளம். பத்தில் பச்சை, இருபதில் மஞ்சள், முப்பதில் சிவப்பு. போன கார்த்திகையில் நீ பழைய வேலையை விட்டு, புது வேலைக்குக் கூப்பிடும்வரை நாலு மாதம் வீட்டில் இருந்தாயே, அப்போது புது நூல் வாணியம்பாடியில் வாங்கி வந்ததே நீதான். தெருவில் நீட்டி வைத்து அளந்தோம். எனக்கு வலது தோள் இறுகிப்போய்க் கை விரியாது, ஆகவே உன் கையை விரித்து அளந்தாய். சுவரோடு நிற்கவைத்து உன் பாகத்தையும், நான் நல்லபடியாக இருந்த காலத்தில் சுவரில் கீறி வைத்திருந்த என் பாகத்தையும் ஒப்பிட்டோம். உன்னுடையது நாலு விரல் அதிகம். ஒவ்வொரு பாகத்துக்கும் அந்த நாலு விரலைக் கழித்துக் கழித்து அளந்தாய். கம்பெனியில் ஏதோ இரும்புச் சாமானை அளந்து பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்கிற வேலை உனக்கு. அன்றைக்கு உன் சுத்தத்தைப் பார்த்து நான் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன், "ஒரு விரலு தப்ப மாட்டேன்றான் பாரு" என்று.

அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, புது நூலைத் தண்ணீரில் இறக்காமல் பழைய நூலையே ஓட்டிக்கொண்டிருந்தபோது, அது நடந்தது. கரைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து நான் பரிசலை விட்டு இறங்கினேன். கரை இன்னும் இரண்டு ஆள் தூரத்தில் இருந்தது. கழுத்துவரை போய்விட்டேன். நீ துடுப்பைப் போட்டுவிட்டுச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாய். கரையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்துகொண்டு, பெற்ற பிள்ளையிடம் சொல்ல வெட்கப்பட்டதை அன்றைக்குச் சொன்னேன். "தம்பி, எனக்கு நெறம் தெரியலடா. பச்சையும் செவப்பும் ஒண்ணாத்தான் கீது. தூரமும் சரியா புரியல. அம்மாகிட்ட சொல்லாத. சொசைட்டிக்குத் தெரிஞ்சா மீனு புடிக்க பாஸு குடுக்க மாட்டாங்க." நீ என் தலையைத் துண்டால் துவட்டினாய். "சரிப்பா. நெறத்த நான் சொல்றேன். நீ நூல மட்டும் புடிச்சிக்கோ" என்றாய்.

அந்த வார்த்தையை நான் எப்படி வைத்திருந்தேன் தெரியுமா? நாலு மாதமும் ஒவ்வொரு நாள் காலையிலும் பரிசலில் ஏறும்போது, என் கண் போனால் போகிறது, பிள்ளை கண் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். நீ துடுப்புப் போட்டபடி என் கையிலிருந்த நூல் கட்டையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவாய். "பச்ச போச்சு. மஞ்ச போச்சு. ம்… செவப்பு வந்துட்ச்சிப்பா, முப்பது, புடிச்சிக்கோ." நான் பிடித்துக்கொள்வேன். பச்சை போனபோது நீ ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும், இல்லை பச்சைக்கு முன்னாலேயே பச்சை என்று சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் செய்தாய் என்று இந்தப் பத்து நாளாக யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லையே. ஒவ்வொரு நாளும் மஞ்சள் வந்ததுமே சிவப்பு என்று, அதே தவறை அதே அளவுக்குச் செய்திருக்கிறாய். மஞ்சளைத் தாண்டி இரண்டு பாகத்துக்கு மேல் ஒரு நாளும் நூல் நனையவில்லை. அதிலும் சுத்தம்தான்.

நூல் கட்டி இழுக்கிற கைக்குத் தெரியாதா என்று நீ கேட்கலாம். தெரிந்தது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. முப்பது பாகம் வெளியே இருந்தால் விரலில் ஒரு கனம் இருக்கும், தகடு புரள்வது மெதுவாக, அடியிலிருந்து வரும். அந்த நாலு மாதமும் நூல் கையில் இலேசாக இருந்தது. தகடு படபடவென்று அடித்தது. இது முப்பது இல்லை என்று என் கை தினமும் சொன்னது. கையும் வயசாகிப் போச்சு, கண்ணோடு சேர்ந்து அதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளை சொல்கிறான், பிள்ளை பார்க்கிறான், கைக்கு என்ன தெரியும் என்று. தோல் தடித்துப் போகிற அளவுக்கு நூல் பிடித்த கையை நம்பாமல் உன் வாயை நம்பினேன். ஒரு மனுஷனை அவன் கைக்கே எதிராகத் திருப்பிவிட்டாய் நீ. உனக்குப் புரிகிறதா, இதுதான் எனக்கு வலிக்கிறது, மீன் போனது இல்லை.

நாலு மாதத்தில் இரண்டே இரண்டு வாளை. அதுவும் வழி தவறி மேலே வந்ததுகளாகத்தான் இருக்கும். நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். அணையில் வாளை அற்றுப்போய்விட்டது என்று கரை முழுக்கச் சொன்னேன். அதோடு விட்டேனா? நெல்லிவாசல் பக்கத்திலிருந்து இறங்கி வந்து வலை போடுகிறாரே அந்த மலைக்காரர், வாரத்தில் மூன்று நாள் ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்து போகிற மனுஷன், அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். உன் சின்னக் கண்ணி வலையால்தான் வாளைக் குஞ்சு எல்லாம் அழிந்தது என்று பத்துப் பேருக்கு முன்னால் கையை நீட்டிப் பேசினேன். அவர் வலையை எடுத்துக் காட்டி, "கண்ணிய நீயே பாருண்ணா" என்றார். நான் எதைப் பார்ப்பேன்? பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, அப்படித்தான் என்று சாதித்தேன். நீ பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். "வாப்பா போலாம்" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்காவது வாயைத் திறந்திருக்கலாம்.

பங்குனியில் பரிசலை அவரிடமே விற்றேன். வேறு யாரும் கேட்கவில்லை, அவர் மட்டும் கேட்டார். பாஸைத் திருப்பிக் கொடுத்தேன். மீன் இல்லாத அணையில் குருடன் எதற்கு என்று என் வாயாலேயே சொன்னேன். நீ அப்போது ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். போனில் அதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "நல்லதுப்பா, எங்களோட வந்து இருங்க" என்றாய். அந்த மௌனத்தை நான் உனக்கு என் மேல் இருந்த வருத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று நூலின் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நான் தெருவில் நின்றபோது அம்மா பேசவே இல்லை. எப்போதும் பேசுகிறவள் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பத்திரண்டு வருஷத்தில் எனக்குத் தெரியாதா. "ஒனக்கும் தெரியுமா?" என்று கேட்டேன். நூலைச் சுற்றிக்கொண்டே வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். "தை மாசமே எங்கிட்ட சொன்னான்" என்றாள். "கண்ணு சமாச்சாரமும் சொன்னான். தண்ணியில எறங்கிட்டீங்களாமே. நானு இன்னா பண்றது? போவாதீங்கன்னா கேக்கற ஆளா நீங்க? மீனு இல்லன்னா தானா வுட்டுடுவீங்கன்னான். எனக்கும் சரின்னு பட்ச்சிங்க. ஒரு நாளு வூட்டுக்கு வராம போய்ட்டீங்கன்னா நானு யாரப் போயி கேக்கறது?"

அவள் அழவில்லை. நான்தான். எனக்குக் கண்ணில் மருந்து விட்ட நேரம் என்று அவளே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஒரு வருஷமாக இரண்டு பேர் என்னைச் சுற்றிக் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறீர்கள். நான் வெளியே போகும்போது வாசற்படியில் ஏன் யாராவது ஒருவர் எப்போதும் நின்றார்கள், மாத்திரை ஏன் என் கையிலேயே கொடுக்கப்பட்டது, இதெல்லாம் இப்போது புரிகிறது. என் ரகசியத்தை வைத்துக்கொண்டு என்னையே ஏய்த்தாய். வேறு எவனாலும் அதைச் செய்திருக்க முடியாது. நிறம் தெரியாது என்று அப்போது இந்த உலகத்தில் ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தேன்.

இந்த இடத்தில் நியாயமாக என் பக்கத்தையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் நானும் மஞ்சளைச் சிவப்பு என்கிறவன் ஆகிவிடுவேன். நீ பிளஸ் டூ முடித்த விடுமுறையில், ஒருநாள் நூலை நான் பிடிக்கிறேன் என்று கேட்டாய். நான் துடுப்புப் போட்டேன். அன்றைக்குக் கையில் கடைசித் தகடு அது ஒன்றுதான், கட்டையில் மாட்டிவிட்டால் அடுத்த சந்தைவரை வேலை இல்லை. நூலை நீ விட்டுக்கொண்டே வந்தாய். வெயில் எதிரில். கம்பளி தெரியவில்லை, "எவ்ளோப்பா போயிருக்குது" என்று கேட்டாய். பதினைந்துகூடப் போயிருக்காது. முப்பது, போதும் என்றேன். காலை முழுக்க இழுத்தாய், ஒரு தட்டல் இல்லை. கரைக்கு வந்து, "இவன் கைக்கு மீனு வராது, படிச்சிட்டு வேலைக்குப் போவட்டும்" என்று நாலு பேரிடம் சிரித்துச் சொன்னேன். அதற்கப்புறம் பல வருஷம் நீ நூலைத் தொடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எனக்கு எப்போதும் ஞாபகம் இருந்தது. சொல்லத்தான் இல்லை.

உனக்கு அது அன்றைக்கே தெரிந்திருந்ததா? தெரிந்துதான் என் பாடத்தை எனக்கே திருப்பிப் படித்தாயா என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி மனசில் வைத்திருந்து செய்கிற பிள்ளை இல்லை நீ, அதுவும் தெரியும். என்னுடையது ஒரு காலை, உன்னுடையது நாலு மாதம். என்னுடையது சின்னது என்று சொல்ல வரவில்லை. இல்லை, அப்படித்தான் சொல்ல வருகிறேன். என்னுடையது சின்னதுதான். ஆனாலும் அது தப்பு. தகட்டுக்காகப் பிள்ளையை ஏமாற்றினேன். இவ்வளவு வருஷம் கழித்து மன்னிப்பு கேட்கிறேன். உன் கையில் ஒரு குறையும் கிடையாது, நூல் குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் நூலை அளந்தேன். நீ கம்பளியை இடம் மாற்றியிருப்பாய் என்று ஒரு சந்தேகம். தோள் விரியாது, அம்மாவை அளக்கச் சொல்ல மனம் வரவில்லை. வாசலில் நூலைப் போட்டு, என் பாதத்தை ஒன்றின் பின் ஒன்றாக வைத்து முழுவதும் அளந்தேன். ஒரு பகல் முழுக்க ஆயிற்று. பத்து பத்தாகவும், இருபது இருபதாகவும், முப்பது முப்பதாகவும் இருந்தது. நீ நூலில் கை வைக்கவில்லை, வாயில்தான் வைத்திருக்கிறாய். ஏனோ அதில் ஒரு நிம்மதி. அடுத்து, இந்த ஜென்மத்தில் செய்ய மாட்டேன் என்று இருந்ததைச் செய்தேன். நூலில் முடிச்சுப் போட்டேன். முடிச்சுப் போட்ட இடத்தில் நூல் பலம் போய்விடும், பெரிய மீன் இழுத்தால் அங்கேதான் அறும், அதனால் யார் சொன்னாலும் நூலில் முடிச்சுப் போடாதவன் நான். பச்சைக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சு, மஞ்சளுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று. கண்ணை மூடிக்கொண்டு விரலில் ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்றும் தெரிந்தது. இந்தச் சின்ன வேலையைப் போன வருஷமே செய்திருந்தால் யாருடைய வாயும் தேவைப்பட்டிருக்காது. நீதான் இருக்கிறாயே என்று இருந்துவிட்டேன்.

மலைக்காரர் வருகிற நாள் பார்த்து அணைக்குப் போனேன். முதலில் அந்தச் சண்டைக்கு மன்னிப்புக் கேட்டேன், தப்பு வலையில் இல்லை என்றேன். யார் தப்பு என்று சொல்லவில்லை, உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவர் "அத்த வுடுண்ணா, எப்பவோ பேசனது" என்றார். பரிசலை ஒரு காலைக்குக் கேட்டேன். "ஒன்னுதுதான எட்த்துக்கோ" என்றார், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். கல்யாணமான புதிதில் எனக்குத் துடுப்புப் போட்டவள் அவள்தான், உனக்கு அது தெரியாது. மறுப்பாள் என்று நினைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். போன வருஷம் இருந்த அதே அளவு தண்ணீர், மழை நின்று அணை நிறைந்திருந்தது. காற்று இல்லை.

நூலை விட்டேன். ஒரு முடிச்சு விரலைத் தாண்டிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் இரண்டு முடிச்சு, ஒன்றின் பின் ஒன்று. அதற்கப்புறம் கனம் ஏற ஆரம்பித்தது. மூன்று முடிச்சு வந்ததும் பிடித்தேன். தகடு அடியிலிருந்து மெதுவாகப் புரண்டது. தம்பி, அதுதான், அதேதான். என் கை கெட்டுப் போகவில்லை. அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் என் முகத்தை அவள் பார்க்கவில்லை. பழைய வண்டிப்பாதை மேலேயே மூன்று சுற்றுப் போனோம். வெயில் உச்சிக்கு வரும்வரை இழுத்தோம். அம்மாவுக்கு உள்ளங்கை கொப்பளித்துவிட்டது, ஆனாலும் போதும் என்று அவள் சொல்லவில்லை.

ஒன்றும் வரவில்லை. ஒரு தட்டல்கூட இல்லை. சரியான முப்பது பாகத்தில், சரியான பாதையில், தகடு சும்மா போய்ச் சும்மா வந்தது. வாளை அங்கே இல்லை.

நீ இதைப் படித்ததும் உனக்கு ஒரு பாரம் இறங்கும் என்று எனக்குத் தெரியும். இறங்க வேண்டாம். போன வருஷம் அங்கே மீன் இருந்ததா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியாது. இருந்திருந்தால் நான் பிடித்திருப்பேன். இல்லாதிருந்தால் நாலு மாதம் வெறும் கையோடு வந்து, நானே துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, நான் வர்றேண்டா ஓசூருக்கு என்று சொல்லியிருப்பேன். நீ சரியாகச் சொல்லியிருந்தாலே நான் தோற்றிருக்கலாம். என் தோல்வியையாவது எனக்கு உண்மையாகக் கொடுத்திருக்கலாம் நீ. அதையும் நீயே செய்து கொடுத்தாய்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு இங்கே தனியாக இருக்க முடியாது என்றும் தெரியும். டாக்டர் சொன்னதை உன்னிடம் முழுக்கச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்: இருக்கிற வெளிச்சமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். அங்கே வந்தால் எல்லாவற்றுக்கும் உன் வாய்தான். எந்த மாத்திரை காலைக்கு, எது சாப்பாட்டுக்கு அப்புறம், படி எத்தனை, வாசலில் நிற்பது யார். உன் வீட்டுக்கு எதிரில் பெரிய ரோடு என்றாயே, அதில் சிக்னல் விளக்கு இருக்கிறதாம். பச்சையா சிவப்பா என்று உன்னைக் கேட்டுத்தான் நான் காலை எடுத்து வைக்க வேண்டும். என் நன்மைக்கென்று நீ ஒன்று சொல்வாயா, உள்ளதைச் சொல்வாயா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நான் வேனில் ஏற மாட்டேன். அம்மா வேண்டுமானால் வரட்டும்.

ஆகவே ஒன்று செய். வேனை ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு வரச் சொல்லிவிட்டு, நீ சனிக்கிழமையே பஸ் பிடித்து வா. மலைக்காரரிடம் இன்னொரு காலைக்குப் பரிசல் கேட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு விடிந்ததும் நாம் இரண்டு பேரும் போவோம். மீனுக்காக இல்லை, தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதே கனத்துக்கு ஒரு ஈயக்குண்டு கட்டியிருக்கிறேன். நீ துடுப்புப் போடு, நான் நூல் விடுகிறேன். நிறத்தை நீ சொல். முடிச்சுப் போட்டதை உன்னிடம் மறைத்து உன்னைச் சோதித்துப் பார்த்திருக்கலாம், அம்மாகூட அப்படித்தான் சொன்னாள். எனக்கு அது வேண்டாம். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன், எத்தனையாவது பாகத்தில் எத்தனை முடிச்சு என்பது முதற்கொண்டு. சிவப்பு வருவது உனக்கு முன்னால் என் விரலுக்குத் தெரியும். இருந்தாலும் உன் வாயால் கேட்க வேண்டும்.

சொல்லிவிட்டால் கரைக்கு வந்து, பையை எடுத்துக்கொண்டு, உன் தோளைப் பிடித்தபடி வேனில் ஏறுவேன். அதற்கப்புறம் எனக்கு அளந்து பார்க்க ஒன்றும் இருக்காது. ஓசூர் ரோட்டில் நான் எங்கே போய் முடிச்சுப் போடுவேன்?

அப்பா